உபயப் பலகை

— அக்கா, மொதல்ல ஏணியிலேர்ந்து இறங்குங்க. அப்புறமாப் பேசிக்கலாம்.

— இறங்கமாட்டன். நீங்கள் கீழ நிண்டே கதையுங்கோ. எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

— இது மன்றத்தோட சொத்து. தலைவர்ங்கிற முறையில சொல்றேன். கமிட்டியக் கேக்காம இந்தப் பலகையில ஒரு ஸ்க்ரூவக்கூட யாரும் தொடக்கூடாது.

— கமிட்டியையோ? போன கூட்டத்தில கேட்டனான். அதுக்கு முந்தின கூட்டத்திலயும் கேட்டனான். “அடுத்த முறை எடுப்பம்” எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்ன ஆள் ஆர்? நீங்கள்தானே, நாகராஜன்? இனி எனக்குக் கமிட்டியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரத்தில அந்த மனுசி வந்து இந்த மண்டபத்து வாசலில நிக்கப் போறா. சிட்னியில இருந்து மெல்பேர்ணுக்குப் பிளேன் ஏறி வாறா. வந்தவவுக்கு என்னத்தைக் காட்டுறது? “உபயம், சிவாஜினி சில்க்ஸ், டண்டினோங்” எண்டதையோ?

— எந்த மனுசி? யாரு வர்றாங்க?

— மிஸஸ் சில்பர். தொண்ணூறைத் தாண்டினவ. அவவின்ர தகப்பன்ர பெயர் இந்தப் பலகையில இருக்கு. நேர இல்லை, பின்னால. உங்கட உபயகாரர் ஆரோ ஒருத்தற்ற பெயருக்குப் பின்னால. ஆரின்ர பெயருக்குப் பின்னால எண்டு தெரியாதபடியாத்தான் ஒவ்வொரு தகடாக் கழட்டித் திருப்பிப் பாத்துக்கொண்டு நிக்கிறன். இண்டைக்கு அந்த மனுசன் செத்த நாள். மகள் வந்து பக்கத்தில இருக்கிற பல்ப்பைப் போடேக்க, அதில தகப்பன்ர பெயர் இருக்கவேணும். நான் கேக்கிறது அவ்வளவுதான். விளங்குதே?

— சிட்னியில இருக்கறவங்களுக்கு நம்ம மல்கிரேவ் மண்டபம் எப்படித் தெரிஞ்சுது?

— களஞ்சியத்தில நான் எழுதின கட்டுரையாலதான். அவவின்ர பேரன் தன்ர பூட்டன்ர ஊர்ப் பெயரைத் தேடிக்கொண்டு போக, கம்பியூட்டர் தமிழை இங்கிலீசாக்கி அவனுக்குக் குடுத்திருக்கு. பொடியன் அழுதுகொண்டு எனக்கு எழுதினவன்.

— அதானே பாத்தேன். எல்லாத்துக்கும் காரணம் அந்தக் கட்டுரைதான். அக்கா, நீங்க யூதருங்க வரலாறு எழுதறீங்க, நல்ல விஷயம். அவங்க பேக்கரி பத்தி எழுதினீங்க, கோழிப்பண்ணை பத்தி எழுதினீங்க, நான் லைக்கே போட்டேன். ஆனா ஆன்லைன் கலைக்களஞ்சியத்துல, உலகமே வந்து படிக்கிற எடத்துல, நம்ம மன்றத்த இப்படி இழுத்து விடலாமா? எங்க அண்ணன் பொண்ணு ஸ்ருதி வெரிபீலேர்ந்து போன் பண்ணிக் கேக்கறா, “சித்தப்பா, நீங்க செத்தவங்க பேரத் திருடிட்டீங்களா”ன்னு. கவுன்சில்ல க்ராண்டுக்கு எழுதிப் போட்டிருக்கோம். ஊர் வாய மூட உலைமூடி இருக்கா சொல்லுங்க.

— நான் என்ன பொய்யோ எழுதினனான்? நில்லுங்கோ, போனில இருக்கு, வாசிக்கிறன். கேளுங்கோ. “போலந்தின் ஒரு சிற்றூரிலிருந்து தப்பி வந்த சில குடும்பங்கள் மல்கிரேவ் பகுதியில் கோழிப்பண்ணை நடத்தின. அவர்கள் தம் கைகளாலேயே கட்டிய சிறு தொழுகைக்கூடம் பின்னர் ஒரு தமிழ் மன்றத்துக்கு விற்கப்பட்டது. ஊரோடு கொல்லப்பட்ட உறவினர்களின் பெயர்கள் பொறித்த பித்தளைப் பலகை அதன் சுவரில் இருந்தது. அப்பெயர்த் தகடுகள் பின்பு திருப்பப்பட்டு, மறுபுறத்தில் மன்றத்தின் நன்கொடையாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டன.” இதில எந்த வசனம் பொய்? நீங்களே சொல்லுங்கோ.

— பொய்யின்னு நான் சொல்லல. ஆனா நாங்க என்ன தெரிஞ்சா செஞ்சோம்? நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஒரு மண்டபம் வாங்கறோம். உள்ள வந்தா சுவர்ல ஒரு பெரிய பித்தளைப் பலகை. வரிசையாப் பேரு, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ஒரு குட்டி பல்ப். நம்மாளுங்க அதப் பாத்தா என்ன நினைப்பாங்க? நம்ம கோயில்ல ட்யூப் லைட் வாங்கிக் குடுத்தாக்கூட வெளிச்சம் வெளிய வராத அளவுக்கு அதும்மேல “உபயம்”னு பேரு எழுதறவங்க நாம. இதுவும் அவங்க உபயதாரர் பலகைன்னுதான் எல்லாருமே நினைச்சோம். காசு குடுத்தவங்க பேரு. கட்டடம் கை மாறிடுச்சு, இனிமே நம்ம உபயதாரர் பேர போடுவோம்னு போட்டோம். எழுத்து புரியற மாதிரியா இருந்துச்சு? ஆனைக்கும் அடி சறுக்கும், அக்கா.

— அந்தப் பகிடியை நானும் முதல் கேக்கேக்க சிரிச்சனான். மறைக்கேல்லை. எங்கட சனத்தைத் தவிர வேற ஒரு சனமும் இப்பிடி ஒரு பிழை விடாது. ஆனா பிழையெண்டு தெரிஞ்ச பிறகு? நான் கட்டுரை எழுத முதலே உங்களிட்டை வந்து சொன்னனானே, இது உபயகாரர் பலகை இல்லை, புதைக்கக் குழிகூடக் கிடையாத சனத்தின்ர கல்லறை எண்டு. அப்ப என்ன சொன்னனீங்கள்? “அக்கா, தகடு நல்ல தடிப்பு, அடிச்சது அடிச்சாச்சு, திரும்ப அடிக்கக் காசில்லை.” ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. உப்பிடித்தான் இருந்தது உங்கட கதை.

— அது விக்னராஜா சார் தலைவரா இருந்தப்ப ஆரம்பிச்ச வேலை. கட்டடத்தோட சாவிய வாங்கினதே அவர்தான். அவங்காளு என்ன சொல்லிக் குடுத்தாரோ, இவர் என்ன கேட்டாரோ, எங்கிட்ட அவர் ஒரு வார்த்தை சொல்லல. இப்ப அவரும் போய்ச் சேந்துட்டார். அவர எங்க போய்க் கேக்கறது?

— செத்த மனுசன்ர தலையில போடுறது லேசு.

— நடந்ததச் சொல்றேன்.

— நான் சொல்லுறன் நடந்ததை. நீங்கள் ஏணியைப் பிடியுங்கோ, ஆடுது. மிஸ்டர் ஃபைன் எண்டு ஒரு கிழவர், பென்ட்லியில இருந்தவர். அவருக்கு நான் தானே வீட்டுக்குப் போய்க் குளிக்க வாக்கிறது, சாப்பாடு குடுக்கிறது. அவர்தான் இந்தக் கூடத்துக்குக் கடைசிப் பொறுப்பு. ஒரு நாள் கஞ்சி குடுத்துக்கொண்டிருக்கேக்க கேட்டார், நீ எந்த இடம் எண்டு. மல்கிரேவ் எண்டனான். மனுசன் எழும்பி இருந்திட்டார். அங்க எங்கட ஷூல், தொழுகைக்கூடம் இருந்தது, இப்ப உங்கட ஆக்களிட்டை, பலகை எப்பிடி இருக்கெண்டு கேட்டார். எனக்கு விளங்கேல்லை. அப்பதான் கதை முழுக்கச் சொன்னார். சனம் செத்துச் சிதறிப் போச்சாம். தொழுகைக்கு ஆள் சேராதாம். விக்கத்தான் வேணும். பலகை சுவரோட சேத்துக் கட்டினது, கழட்டினால் உடைஞ்சு போமாம். கடைசியா வந்து பாத்த ஆக்களுக்குள்ள உங்கட விக்னராஜாவும் வந்திருக்கிறார். அவர் வாசலில சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வந்தவராம். அதைப் பாத்திட்டு, மற்ற ஆக்கள் இன்னும் கூடக் காசு தாறம் எண்டு நிக்க, மிஸ்டர் ஃபைன் எங்களுக்குத்தான் விக்கவேணும் எண்டு நிண்டவராம். கடவுள் இருக்கிற இடமெண்டு தெரிஞ்ச சனம், பலகை பத்திரமா இருக்கும் எண்டு. கேட்டியளே? எங்களை நம்பி விட்டிட்டுப் போன சனம்.

— ம்.

— என்ன ம்? அவர் எல்லாம் விளங்கப்படுத்தித்தான் சாவியைக் குடுத்தவர். அந்த ஊர்ச் சனம் செத்த நாளை எங்கட திதி மாதிரி, நிலாக் கணக்கிலதான் பாப்பினம். அந்த நாள் வந்தால் அந்தப் பெயருக்குப் பக்கத்து பல்ப்பைப் போடுறது. சொந்தக்காரர் வராட்டிலும் ஆராவது போடுவினம். ஒரு நாளும் இருட்டில விடமாட்டினம். இது முழுக்க விக்னராஜாவுக்குத் தெரியும். விக்னராஜாவுக்குத் தெரிஞ்சது உங்களுக்கு மட்டும் தெரியாமப் போச்சோ?

— அவர் அப்பவே நோயாளி அக்கா. டயாலிசிஸ். மறந்திருப்பார். இல்லன்னா சொல்ல நினைச்சு விட்டிருப்பார். நான் வேணும்னா கோயில்ல வந்து கற்பூரம் அடிச்சுச் சொல்றேன், அந்த த பேசின் ஊர்ல இருக்கற பிள்ளையார் முன்னாடி.

— பிள்ளையாரை விடுங்கோ, அவருக்கு வேற வேலை இருக்கு. இந்தாங்கோ, இந்தத் தகட்டைக் கவனமாப் பிடியுங்கோ. இது உங்கட டாக்குத்தர் வாசுதேவன் குடும்பம். பின்னுக்கு… வலமிருந்து இடமா வாசிக்கவேணும்… ஷெய்ன்டல், கெர்ஷனின் மகள். இதுவும் இல்லை.

— இந்த எழுத்தெல்லாம் எங்க படிச்சீங்க?

— லைப்ரரியில வகுப்பு வைச்சவை, போனனான். படிக்காமல் எழுதேலுமோ? எழுதினால் “ஆதாரம் எங்கே” எண்டு களஞ்சியத்தில ஒரு காவல் நாய் வந்து நிக்குது. பகல் முழுக்கக் கிழடுகளைத் தூக்கி இருத்தி நாரி, இடுப்பெல்லாம் முறிஞ்சு வந்து, குசினி மேசையில இருந்து ஒரு வசனம் எழுதுவன். விடியப் பாத்தால் அந்த வசனம் இருக்காது. வேற ஒண்டையும் தொடமாட்டான் அவன். பேக்கரி அப்பிடியே இருக்கும், கோழிப்பண்ணை அப்பிடியே இருக்கும். பலகையைப் பற்றின பந்தியை மட்டும் வெட்டுவான். நான் திரும்பப் போட, அவன் திரும்ப வெட்ட, இப்பிடி மாசக்கணக்கா. வைச்சிருக்கிற பெயரைப் பாருங்கோ, “நடுநிலையாளன்”. கண்டறியாத நடுநிலை.

— அதுல கோவப்பட ஒண்ணுமில்ல அக்கா. எந்தக் களஞ்சியத்துலயும் அதான் ப்ராசஸ். யாரோ ஒரு தாத்தா கஞ்சி குடிக்கறப்ப சொன்னாருன்னு எழுதினா ஒத்துக்க மாட்டாங்க. அச்சுல வந்த ஆதாரம் வேணும். நேரில் கேட்டது செல்லாது. கட்டடத்தை வாங்கியவர்கள் தரப்பும் கேட்கப்பட வேண்டும்.

— என்ன சொன்னனீங்கள்?

— ப்ராசஸ்னு சொன்னேன்.

— இல்லை, கடைசியாச் சொன்னது. “கட்டடத்தை வாங்கியவர்கள் தரப்பும் கேட்கப்பட வேண்டும்.” களஞ்சியத்து உரையாடல் பக்கத்தில எனக்கு வந்த மறுமொழி அப்பிடியே அச்சொட்டா இதுதான். எழுத்துத் தமிழில ஒப்பிக்கிறியள், நாகராஜன். உங்கட வாயில ஒரு நாளும் “கேட்கப்பட வேண்டும்” வந்து நான் கேட்டதில்லை. ஏணியை விடாதேங்கோ. மறுமொழி சொல்லுங்கோ. நீங்களோ அது?

— ஆமா.

— ஆமாவோ.

— ஆமா. நான்தான். என்ன பண்ணச் சொல்றீங்க? நேர்ல சொன்னா நீங்க கேக்கல. இந்த மண்டபத்துக்கு இடம் தேடின நாள்லேர்ந்து பத்து வருஷமா நாயா அலையறேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்க தரை கூட்டறது யாரு, நான்தான். உபயம் குடுத்தவங்க ஒவ்வொருத்தரும் போன் போட்டு “எங்க பேரு பொணத்து மேலயா இருக்கு”ன்னு கேட்டா நான் என்ன சொல்றது? நாகலட்சுமி மாமி சாந்தி பரிகாரம் பண்ணணும்னு நிக்கறாங்க. மன்றம் ரெண்டா ஒடைஞ்சிரும்னு பயந்தேன். அதான் வெட்டினேன்.

— கடவுளே. எனக்கு முன்னால இருந்து வடையும் சாப்பிட்டுக்கொண்டு, “அக்கா, யாரோ உங்க கட்டுரைய வெட்டறானாமே, பாவம்” எண்டு சொன்ன மனுசன் நீங்கள். முழுப் பூசணிக்காயைச் சோத்தில மறைக்கிறதெண்டு கேள்விப்பட்டிருக்கிறன். நீங்கள் மறைச்சுப்போட்டு, அந்தச் சோத்துக்கு ரசமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறியள்.

— திட்டுங்க. வாங்கிக்கறேன்.

— திட்டினாப்போல உங்களுக்கு உறைக்குமோ? உங்களுக்கு ஒண்டு சொல்லட்டே, நாகராஜன். எங்கட ஊரில சண்டையில செத்த பிள்ளையளுக்கு வைச்ச கல்லை ஆமிக்காரர் இடிச்சவை. பெயரெழுதின கல்லு. புல்டோசர் விட்டு இடிச்சு, அந்த நிலத்தில தங்கட கட்டடம் கட்டினவை. என்ர தம்பி கஜீவனுக்கும் அதில ஒரு கல்லு இருந்தது. அதுக்காக நாங்கள் இஞ்ச மெல்பேர்ணில கொட்டுற மழையில பதாகை பிடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். பாட்டும் போட்டு, பேச்சும் பேசி, பெயரை அழிக்கிறவன் மனுசனோ எண்டு தொண்டை கிழியக் கத்தினனாங்கள். கத்திப்போட்டு எங்க வந்து தேத்தண்ணி குடிச்சனாங்கள் தெரியுமோ? இந்த மண்டபத்துக்கை. இந்தப் பலகைக்குக் கீழ கதிரையைப் போட்டு இருந்து, பெயர் அழிச்சவனைத் திட்டினனாங்கள். எங்கட தலைக்கு மேல, நாங்களே அழிச்ச பெயர். எனக்கு அதை நினைக்க நினைக்க உடம்பு பத்துது. நீங்கள் கோயம்புத்தூர், உங்களுக்கு அது விளங்காது எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனா எனக்கு இதுக்கு மேல வாயைப் பொத்திக்கொண்டு இருக்க ஏலாது.

— ஸ்க்ரூ டிரைவர இப்படிக் குடுங்க.

— என்னத்துக்கு?

— ஏணி ஆடுது. விழுந்து வச்சீங்கன்னா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும். நீங்க எறங்கி எழுத்தப் படிங்க. நான் கழட்டித் தர்றேன்.

— மெய்யாவோ?

— மெய்தான். கமிட்டிய நான் பாத்துக்கறேன். இந்தாங்க, இது சிறிதரன் அண்ணன் பேரு.

— பின்னுக்கு ஃப்ரூமா. ஆரோ ஒருத்தற்ற மனுசி. எண்ணெய் பிடிச்சுக் கிடக்கு, துணியைத் தாங்கோ. இல்லை, இவவும் இல்லை.

— இது?

— லெய்ப். அவரும் மகன் ஒருத்தரும் ஒரே தகட்டில. இவையளும் தகப்பன்ர பெயரைச் சேத்துத்தான் எழுதுவினம் பாருங்கோ, எங்கட இனிஷியல் மாதிரி. நான் தேடுறது மெண்டல், ஆவ்ரமின் மகன். மிஸஸ் சில்பருக்கு அப்ப ஏழோ எட்டோ வயசு. தாயையும் அவவையும் கப்பலில ஏத்திப்போட்டு, கடையை வித்திட்டுப் பின்னால வாறன் எண்டு சொன்னவராம். கடை விக்க முதல் ஊரே இல்லாமப் போச்சு. மனுசன் எந்த நாள் செத்தார் எண்டுகூட ஒருத்தருக்கும் தெரியாது. ஊர்ச் சனத்தைக் கலைச்சுக்கொண்டு போன நாளைத்தான், நாள் தெரியாத ஆக்களுக்கெல்லாம் பொது நாளா வைச்சிருக்கினம். கலியாணம் முடிச்சு சிட்னிக்குப் போகுமட்டும் மனுசி வருசா வருசம் தாயோட இஞ்ச வந்து பல்ப் போட்டவ. பிறகு கூடம் வித்துப் போச்செண்டு கேள்விப்பட்டு, பலகையையும் குப்பையில எறிஞ்சிருப்பாங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா. என்ர கட்டுரையை பேரன் வாசிச்சுக் காட்டினவுடன கேட்டது ஒரே கேள்விதானாம். பல்ப் இன்னும் எரியுதோ எண்டு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— எரியும் எண்டு எழுதினனான். அதுக்குத்தானே இந்தப் பாடு படுறன். நில்லுங்கோ, போன்… ஓம், பேரன்தான் மெசேஜ் போட்டிருக்கிறான். எயார்போட்டில இருந்து வெளிக்கிட்டாச்சாம். கார் ஃப்ரீவேயில இருந்து இறங்கிட்டுதாம், கிட்டத்தான். கெதியாக் கழட்டுங்கோ.

— கழட்டறேன், கழட்டறேன். இந்த வரிசை முடிஞ்சுது. அவ்வளவுதான் அக்கா. எல்லாம் பாத்தாச்சு.

— எல்லாம் பாக்கேல்லை. கீழ் மூலையில ஒண்டு இருக்கு.

— அது வேணாம்.

— என்ன வேணாம்? மெண்டல் இன்னும் வரேல்லை. மிச்சமிருக்கிறது அது ஒண்டுதான். அதுக்குப் பின்னாலதான் இருக்கவேணும்.

— அக்கா, அத மட்டும் விட்டுடுங்க.

— ஓ, இப்ப விளங்குது. “அலமேலு அம்மாள், கோவை.” உங்கட அம்மா. ஊர் உலகத்தாற்றை பெயரை எல்லாம் டக்கு டக்கெண்டு கழட்டினியள், தலைவற்றை வீட்டுப் பெயர் மட்டும் அசையக் கூடாதோ? மன்றத்துக்கு ஒரு நீதி, உங்களுக்கு ஒரு நீதியோ? விடுங்கோ, நான் ஏறுறன்.

— ஏறாதீங்க. அது உபயம் இல்லக்கா.

— அப்ப என்ன?

— அம்மா போனது கோவிட்ல. ரெண்டாவது அலை. ஆஸ்பத்திரி வாசல்லயே ஆம்புலன்ஸ்ல ஆறு மணி நேரம். இங்க பார்டர் மூடியாச்சு. வெளிய போறதுக்கு கவர்மெண்ட்கிட்ட பர்மிஷன் கேட்டு மூணு தடவ எழுதினேன். மூணாவது தடவ ஓகேன்னு வந்தப்ப அம்மா இல்ல. ஒரே பையன் நான். கொள்ளி போட்டது கார்ப்பரேஷன் ஆளு. பேரு தெரியாத மனுஷன். சாம்பலக் கேட்டா, நூறு பேர ஒண்ணா எரிச்சோம், யாரு சாம்பல்னு எடுத்துக் குடுக்கறது சார்னு சொல்லிட்டாங்க. நான் இங்க ரூம்ல லேப்டாப்ப தொறந்து வச்சிட்டு ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்திருந்தேன் அக்கா. கேமராவ ஆஃப் பண்ணிட்டு. அவங்களுக்குன்னு இந்த ஒலகத்துல ஒரு கல்லு கிடையாது. ஒரு பிடி சாம்பல் கிடையாது. மண்டபம் தொறக்கறப்ப இந்தப் பலகையில பேரு போட்டோம்ல, அப்ப அம்மா பேரையும் ஒரு மூலையில போட்டேன். வருஷா வருஷம் அம்மா திதிக்கு நான் மட்டும் சாவிய எடுத்துட்டு வருவேன். அந்த பல்ப போட்டுட்டு, எதுக்க தரையில கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். வீட்ல விஜயாவுக்குக்கூடத் தெரியாது. ஆபீஸ்ல லேட்டுன்னு சொல்லிட்டு வருவேன்.

— ஏன் உதை முன்னமே சொல்லேல்லை?

— எப்படிச் சொல்றது? தலைவர் மன்றத்துப் பலகைய அம்மாவுக்குக் கல்லறையா வச்சிருக்கார்னு பேசுவாங்க.

— நாகராஜன், இஞ்ச பாருங்கோ. அதில இருக்கிற சனம் முழுக்க அப்பிடித்தான். கொள்ளியும் இல்லை, சாம்பலும் இல்லை. அதுக்குத்தான் அவை இந்தப் பலகையைச் செய்தவை. அத்தனை உபயகாரருக்குள்ளயும் இதை என்னத்துக்குச் செய்ததெண்டு விளங்கி வைச்சது நீங்கள் ஒராள்தான். எனக்கு உங்களில இருந்த கோவம் எங்க போச்செண்டு தெரியேல்லை. கண்ணைத் துடையுங்கோ.

— தூசி.

— தூசிதான். சரி, இப்பிடிச் செய்வம். உங்கட அம்மாவின்ர பெயரை நான் அழிக்க விடமாட்டன். மிஸஸ் சில்பர் வந்து நிக்கிற நேரத்துக்கு மட்டும் அந்தத் தகட்டைத் திருப்பி வைப்பம். தகப்பன்ர பெயரைப் பாத்து, பல்ப்பைப் போட்டு, தங்கட மந்திரத்தைச் சொல்லட்டும். அதை நான் படம் எடுத்துக் களஞ்சியத்தில போடுறன், உங்கட நடுநிலையாளனும் வாயை மூடட்டும். பிறகு கமிட்டியில கதைச்சு, அம்மாவுக்கு வேற ஒரு நல்ல தகடா அடிச்சு வைப்பம். காசு நான் தாறன். என்ன? திருப்புங்கோ. வாசலில கார் வந்து நிக்கிற சத்தம் கேக்குது.

— திருப்பிப் பிரயோசனம் இல்லக்கா.

— ஏன்?

— அதுக்குப் பின்னாடி ஒண்ணுமே இருக்காது. அது புதுத் தகடு. நான் தனியா வாங்கி அடிச்சது.

— அப்ப அதில இருந்த பழைய தகடு? மெண்டல் எங்க?

— என் கார் டிக்கில இருக்கு. துண்டுல சுத்தி வச்சிருக்கேன். தூக்கிப் போடத் துணிச்சல் வரல. இப்பவே ஓடிப்போய் எடுத்துட்டு வந்து மாட்டிடறேன்.

— நில்லுங்கோ. மற்ற ஆக்களுக்கெல்லாம் பழைய தகட்டைத்தானே திருப்பி அடிச்சனீங்கள். நல்ல தடிப்பு, காசு மிச்சம் எண்டு. ஒண்டும் தெரியாமச் செய்தம் எண்டியள், அப்ப அம்மாவுக்கு மட்டும் என்னத்துக்குப் புதுசு?

— மொதல்ல போய் எடுத்துட்டு வந்துடறேன்.

— நாகராஜன், உங்களைத்தான் கேக்கிறன். அவை கதவடியில நிக்கினம். சொல்லிப்போட்டுப் போங்கோ.

— செத்தவங்க பேர முதுகுப்பக்கம் வச்சுட்டு, அதும்மேல எங்கம்மா பேர எழுத எனக்கு மனசு வரலக்கா.